மாற்றுக் கருத்து அறை

மரியாதை என்றால் என்னவென்று உலகம் எங்கள் நகர சபையிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்குக் காரணம் ‘மாற்றுக் கருத்து அறை’. வடிவமைத்தவன் நான் என்பதால் விளக்குகிற உரிமையும் எனக்கே.

அமைப்பு எளிமையானது. சபையின் நடுவே ஒரு கண்ணாடி அறை. எதிர்க்கருத்து உள்ளவர் உள்ளே போனதும் கதவு தானாகப் பூட்டிக்கொண்டு, சிவப்பு விளக்கு எரியும். வெளியே நாங்கள் எல்லோரும் எழுந்து நின்று தலையாட்டுவோம். உள்ளே பேசுவது ஒரு சொல்கூட வெளியே கேட்காது. கேட்டால் கோபம் வரும். கோபம் வந்தால் சகிப்புத்தன்மை எப்படி வளரும்? பேசுபவரின் உதடு அசைவது நின்றதும் தலைவர் பொத்தானை அழுத்துவார். கதவு திறக்கும். கைதட்டுவோம்.

எதிர்க்கட்சி உறுப்பினரான என் அண்ணிக்கு மட்டும் இதன் அருமை புரியவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் உள்ள பஸ் நிறுத்தத்தை எடுக்கக் கூடாது என்பது அவர் வாதம் என்று பின்னால்தான் தெரிந்தது. கூட்டத்துக்குக் கூட்டம் உள்ளே நின்று பேசினார். நாங்களும் கால் கடுக்க நின்று மதித்தோம். கடைசியில், நிறுத்தத்தை எடுத்துவிடும் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது.

“நான் என்ன பேசினேன்னு ஒருத்தராவது சொல்லுங்க பார்ப்போம்,” என்றார் அண்ணி.

“ரொம்ப அருமையா பேசினீங்கம்மா,” என்றார் தலைவர்.

“அதான், என்ன பேசினேன்?”

“கருத்தை மதிக்கிறதுதான் அண்ணி எங்க கடமை,” என்று நான் விளக்கினேன். “தெரிஞ்சுக்கிறது அவங்கவங்க இஷ்டம்.”

“உள்ளே ஃபேன் ஓடலை தம்பி. மூச்சு முட்டுது. அதையாவது போய்ப் பாருங்க.”

போனேன். கதவு பூட்டிக்கொண்டது. சிவப்பு விளக்கு எரிந்தது.

“திறங்க,” என்று கத்தினேன். சபை எழுந்து நின்றது. கண்ணாடியைக் குத்தினேன். தலைவர் கண் கலங்கிவிட்டார். இவ்வளவு உருக்கமான பேச்சை அவர் கண்டதில்லை. வாயை மூடியிருந்தால் திறந்திருப்பார்கள். ஆனால் மூச்சு முட்டுகிறவனுக்கு அது தோன்றாது, அந்த அறையை வடிவமைத்தவனே ஆனாலும்.

அண்ணி தலையாட்டவில்லை. நேரே போய், தலைவரின் கையைத் தள்ளிவிட்டுப் பொத்தானை அழுத்தினார். சபையில் மரியாதை தெரியாதவர் அவர் ஒருவர்தான். அவர் இல்லாவிட்டால் நான் இன்னும் மதிக்கப்பட்டுக்கொண்டிருப்பேன்.

“பஸ் ஸ்டாப் இருக்கட்டும்னுதான் சொன்னேன்,” என்றார், தரையில் கிடந்த என்னிடம் குனிந்து. “இப்பக் கேக்குதா?”

“கேக்குது அண்ணி.”

எழுந்தேன். “நிறுத்தத்தை எடுக்கக் கூடாது, எனக்கும் அதே கருத்துதான்,” என்று சபையில் அறிவித்தேன்.

சபை அந்தக் கணமே என் கருத்தை மதித்தது: தலைவர் வந்து, பணிவாகக் கண்ணாடிக் கதவைத் திறந்து பிடித்தார்.