‘அப்பா மெதுவா’ குழு

அபிராமபுரம்,
ஞாயிறு, காலை பதினோரு மணி.

மதிப்புக்கும் பயத்துக்கும் உரிய அத்திம்பேர் அவர்களுக்கு, மைத்துனன் சுவாமிநாதன் அநேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொள்வது. உங்கள் முழங்கால் வலி தேவலையா, அக்காவுக்கு ரத்த அழுத்தம் இறங்கியதா என்று கேட்டுவிட்டுத்தான் விஷயத்துக்கு வரவேண்டும். அது ஏறியிருந்தால் காரணமே நான்தான் என்பதால் கேட்க வாய் வரவில்லை. இவ்விடம் சௌக்கியம் என்று எழுதலாமென்று பார்த்தேன், கை எழுத மறுக்கிறது.

நேற்று மத்தியானம் உங்கள் போனுக்கு என் பேரில் ஒரு செய்தி வந்திருக்கும். “தங்கள் குமாரத்தி செல்வி ஸ்ரீரஞ்சனியின் ஜாதகம் எங்கள் குமாரன் ஷ்ரவணின் ஜாதகத்தோடு பத்துக்கு ஒன்பது பொருந்தியிருக்கிறது. மேற்கொண்டு பேச விருப்பமா?” ஸ்ரீரஞ்சனிக்குக் கல்யாணமாகி நாலு வருஷம் ஆகிறது என்பது எனக்குத் தெரியாதா? காசி யாத்திரையில் மாப்பிள்ளைக்குக் குடை பிடித்தவனே நான்தானே! அந்தச் செய்தி வந்த நேரத்தில் போன் மாப்பிள்ளை கையில் இருந்தது என்று அக்கா அழுதுகொண்டே சொன்னாள். நீங்கள் ஏழு தடவை என் அழைப்பை வெட்டிவிட்டீர்கள். ஆகவே ஆட்டோக்காரக் கபாலி கையில் இதை மேற்கு மாம்பலத்துக்குக் கொடுத்தனுப்புகிறேன். தயவுசெய்து கிழிக்காமல் படிக்கவும்.

ஷ்ரவணுக்கு முப்பத்துமூன்று முடிந்துவிட்டது. பார்த்தவர், கேட்டவர், கோயிலில் பிரசாதம் வாங்க நின்றவர் என்று ஒருவர் விடாமல் நானூற்றுப் பன்னிரண்டு பெண் ஜாதகம் சேர்த்தேன். பாதி கையெழுத்து, மீதி போனில் கோணலாக எடுத்த படம். இதையெல்லாம் படித்துப் பொருத்தம் பார்க்க ஒரு புரோகிராம் எழுதிக் கொடுடா என்று பங்குனியில் அவனிடமே கேட்டேன். மறுபேச்சு இல்லாமல் எழுதிக் கொடுத்தான். எட்டுப் பொருத்தத்துக்கு மேல் வந்தால் பெண்ணின் தகப்பனாருக்குத் தானாகவே செய்தி போகவேண்டும் என்றேன். அதையும் செய்தான். சரியாகப் பார்க்கிறதா என்று சோதிக்க, தெரிந்த ஜாதகம் ஒன்று இருக்கட்டும் என்று ஸ்ரீரஞ்சனியுடையதை நான்தான் நடுவில் சொருகினேன். புத்தி!

ஆறு மாசம் ஓடிற்று. முடிந்தது எத்தனை தெரியுமோ? பதினொன்று! ஒன்றும் பொருந்தவில்லை. கேட்டால், “பத்துப் பொருத்தம்னா சும்மாவாப்பா? மெதுவாத்தான் ஆகும்” என்பான். உணவு வழங்கல் துறையில் முப்பத்துநாலு வருஷம் ரேஷன் அட்டைகளோடு குப்பை கொட்டியவன் நான். ஒரு வேலை மெதுவாக நடந்தால் அதைச் சந்தேகப்படும் வழக்கமே எனக்கு வரவில்லை. நம்பிவிட்டேன்.

நேற்றுக் காலை ஒன்பது மணிக்கு, ஆத்துக் கம்ப்யூட்டர் மிஷினில் தூசி தட்ட, லஸ்ஸில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் கரீமுல்லா வந்தார். என் வயசுக்காரர். திரையைப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். “இன்னா சார் இது, மிஷின் ஜோராத்தான் கீது. உங்க புரோகிராம் மட்டும் எறும்பு மாரி ஊர்ந்துக்கினு போவுது. இருங்க, கெர்னலாண்டயே கேட்டுப் பாத்துடலாம்” என்றார். கெர்னல் என்பது மிஷினுக்குள் இருக்கும் தாசில்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடுகிற ஒவ்வொரு புரோகிராமும் எந்தக் குழுவைச் சேர்ந்தது, அந்தக் குழுவுக்கு மிஷின் நேரத்தில் எவ்வளவு ஒதுக்கீடு என்று அது எழுதி வைத்திருக்கிறது. ஒரு புரோகிராம் குட்டி போட்டால் குட்டியின் பேரும் அதே குழுவில் ஏறிவிடும். அப்படியே நம்ம குடும்ப அட்டை! எனக்கு ஒரே சந்தோஷம். படியுங்கோ படியுங்கோ என்றேன். கரீமுல்லா ஒரு வரி அடித்தார். கெர்னல் பதில் சொல்லிற்று. குழுவின் பேர் ஆங்கில எழுத்தில், ‘அப்பா மெதுவா’.

அத்திம்பேர், அந்த அப்பா நான்தான்! ஒதுக்கீடு எவ்வளவு என்று கேட்டேன். “லட்சத்துல ஆயிரம் சார். நூத்துல ஒரு பங்கு. மெமரியும் ஒரு கை அளவுதான் குட்துகீறாங்க” என்றார். அதே மிஷினில் டொராண்டோ குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் என் ஆத்துக்காரி சூடாமணிக்கு? வரம்பே இல்லை! மயிலாப்பூருக்கே அரிசி அளந்தவனுக்கு, சொந்த ஆத்துல, பெத்த பிள்ளை, கையளவு! எடுங்கோ அந்த வரம்பை இப்பவே என்று கத்தினேன். “சார், தம்பியாண்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க” என்றார் கரீமுல்லா. அவர் பேச்சை அப்போதே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பாஸ்வேர்டு என் பிறந்த தேதி, அந்த மட்டும் பாசம். வரம்பை எடுத்தார்.

மிஷின் கிரைண்டர் மாதிரி உறும ஆரம்பித்தது. உள் அறையில் சூடாமணியின் வகுப்பு, வர்ணத்தின் நடுவே அவள் வாய் திறந்தபடி உறைந்துபோய் நின்றுவிட்டதாம். நானோ எண் ஓடுவதைப் பார்த்து ஆனந்தமாகக் காபி குடித்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு அடிப்பதற்குள் நானூற்றுப் பன்னிரண்டும் முடிந்து, ஐம்பத்தெட்டு ஆத்துக்குச் செய்தி பறந்துவிட்டது! அதற்குப் பிறகு என் போன் கீழே இறங்கவில்லை. ஒருத்தர் “என் பொண்ணுக்கு ரெண்டு குழந்தை ஓய், இதென்ன அக்கிரமம்” என்கிறார். இன்னொருத்தர் அடுத்த வாரமே நிச்சயதார்த்தம் வைக்கலாம் என்கிறார். நாலு மணிக்கு உங்கள் மேற்கு மாம்பலத்திலிருந்தே ஒரு குடும்பம் தட்டு நிறையப் பழத்தோடு வாசலில் வந்து நின்றது. அந்தச் சமயம் பார்த்து ஷ்ரவண் உள்ளே நுழைந்தான். தட்டைப் பார்த்தான், உறுமுகிற மிஷினைப் பார்த்தான், முகம் வெளுத்துவிட்டது.

வந்தவர்களை எப்படியோ காபி கொடுத்து அனுப்பினோம். பிறகு கேட்டேன். “யாருடா எனக்கு லட்சத்தில ஆயிரம் அளந்தது?”

“நான்தாம்ப்பா.”

“நான்தான் சொன்னேன்” என்றாள் சூடாமணி. “நிறுத்தினா உங்களுக்கு அன்னிக்கே தெரிஞ்சுடும். மெதுவா ஓடிண்டிருந்தா, அதுக்குள்ள உங்க மனசைப் பழக்கிடலாம்னு பார்த்தேன்.”

“எதுக்குப் பழகணும்?”

“ஜெசிந்தாவுக்கு” என்றான் ஷ்ரவண்.

அவன் ஆபீசில் வேலை பார்க்கிற பெண், ஊர் சாந்தோம், அப்பா செபஸ்தியான் சொந்தமாகப் படகு வைத்திருக்கிறார், நாலு வருஷப் பழக்கம். கட்டினால் அவளைத்தான், இல்லாவிட்டால் கல்யாணமே வேண்டாம் என்கிறான். நாலு வருஷம் அத்திம்பேர்! சூடாமணிக்குப் போன நவராத்திரியிலிருந்தே தெரியுமாம். “கொலுவுக்கு வந்து சுண்டல் வாங்கிண்டு போனாளே. லட்சணமா இருக்கா, யாராத்துப் பொண்ணுன்னு நீங்கதானே கேட்டேள்?” என்கிறாள். ராத்திரி நான் சாப்பிடவில்லை.

நீங்கள் பெரியவர். உங்கள் பேச்சுக்கு ஷ்ரவண் கட்டுப்படுவான். செவ்வாய்க்கிழமை அக்காவையும் அழைத்துக்கொண்டு வந்து, அவனுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லி, ஐம்பத்தெட்டில் ஒன்றுக்குச் சம்மதிக்க வைக்கவேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கல்யாணத்துக்கு நான் வரப்போவதில்லை. இது சத்தியம். அக்காவுக்கு நமஸ்காரம். ஸ்ரீரஞ்சனிக்கும், கோபம் தணிந்திருந்தால் மாப்பிள்ளைக்கும், என் பரிபூரண ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
இடிந்துபோன சுவாமிநாதன்

பி.கு.: மணி இரண்டரை. கபாலி இங்கேயே சாப்பிட்டுவிட்டு இந்தக் கடிதத்துக்காக இன்னும் காத்திருக்கிறான். பதினொன்றரைக்கு அந்தப் பெண் ஜெசிந்தா வந்தாள். என்னைத் திட்ட வருகிறாள் என்று நினைத்தேன். என் போனை வாங்கி, ஐம்பத்தெட்டு ஆத்தையும் வரிசையாகக் கூப்பிட ஆரம்பித்தாள். “வணக்கம் அங்கிள், அபிராமபுரம் சுவாமிநாதன் சார் வீட்லேருந்து பேசறேன். மெஷின் தப்பு பண்ணிடுச்சு. அவர் மேல ஒரு தப்பும் இல்ல, மன்னிச்சுக்கங்க.” என் மேல் ஒரு தப்பும் இல்லையாம்! இந்த ஆத்தில் இதுவரை யாரும் சொல்லாத வார்த்தை. உங்கள் மாப்பிள்ளையிடமும் பேசிவிட்டாள், அவர் சிரித்துவிட்டாராம். நாற்பதாவது ஆளோ என்னவோ, “நீ யாரும்மா அவாத்துல?” என்று கேட்டுவிட்டார். போனைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள். “என்ன சொல்லட்டும் அங்கிள்?” கண்ணில் ஜலம் நிற்கிறது அவளுக்கு. மாட்டுப்பொண்ணுன்னு சொல்லு என்று சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. பிறந்த நேரம் கேட்டு வாங்கி அவள் ஜாதகத்தையும் மிஷினில் போட்டேன். போட்ட பிறகுதான் உறைத்தது, பொருந்தாவிட்டால்? உடனே கரீமுல்லாவுக்குப் போன் போட்டு, பத்து லட்சத்தில் ஆயிரம் என்று வரம்பு வைக்கச் சொன்னேன். அதற்குக் கீழே கெர்னல் ஒத்துக்கொள்ளாதாம். அவர் கணக்குப்படி முடிவு மாசியில் வரும். முகூர்த்தம் தையில். செவ்வாய்க்கிழமை புத்தி சொல்ல வரவேண்டாம், பாயசம் சாப்பிட வாருங்கள்.