செரங்கெட்டிக்கு ஒரு ஆள்

சிலுவைமுத்து ஆப்பிரிக்கா போவதென்று தீர்மானித்ததற்கு ஒரு வரிக்குதிரைதான் காரணம்.

அவர் ஹார்பரில் கிரேன் ஓட்டுபவர். ராயபுரத்தில் வீடு. உலகத்தில் இருக்கிற ஊருக்கெல்லாம் மூட்டைகளை அனுப்பி வைத்த கை அவருடையது. கைக்குச் சொந்தக்காரர் மட்டும் வேளாங்கண்ணிக்கு அப்பால் போனதில்லை. அறுபத்தெட்டாம் வருஷம் மிருகக்காட்சி சாலைக்கென்று ஒரு கப்பலில் வரிக்குதிரை வந்தது. கூண்டோடு தூக்கினார். பாதி ஆகாயத்தில் தொங்கும்போது அது பலகை இடுக்கு வழியாக அவரையே பார்த்தது. கிரேன் பெட்டிக்குள் ஒடுங்கி உட்கார்ந்திருந்த சிலுவைமுத்துவுக்கு, கூண்டில் இருப்பது யார் என்று சந்தேகம் வந்துவிட்டது.

அன்றிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. சோற்றில் கை வைத்தால் எழுந்திருப்பார். எழுந்தால் உட்காருவார். பூசை நடுவில் கோயிலை விட்டு வெளியே வந்து கடலைப் பார்ப்பார். அந்தக் கப்பலின் சமையல்காரர் சௌக்கத் அலியைப் பிடித்துக்கொண்டார். ஒருமுறை கப்பல் ஆப்பிரிக்காவின் தாருஸ்ஸலாம் துறைமுகத்தில் பழுதாகி நின்றபோது சௌக்கத் அலி காட்டைப் பார்த்துவிட்டு வந்தவர்.

"காடுன்னா மரம் இல்ல மாமு. புல்லு. கண்ணு போற வரைக்கும் புல்லு. அதுல லட்சம் காட்டு மாடு, லட்சம் வரிக்குதிரை. சிங்கம் ரோட்டோரமா படுத்துகினு கீது. ஜீப்புல போனா திரும்பிக்கூட பாக்காது."

"அந்தக் காட்டுக்குப் பேரு இன்னா?"

"செரங்கெட்டி."

கப்பல் போய்விட்டது. செரங்கெட்டி சிலுவைமுத்துவின் தலைக்குள் தங்கிவிட்டது.

மனைவி அடைக்கலமேரியிடம் எப்படிச் சொல்வது? அழுவாள். அண்ணன்மாரைக் கூட்டுவாள். பங்குச் சாமியாரிடம் ஓடுவாள். எல்லாவற்றுக்கும் பதில் தயார் செய்துகொண்டு போய் நின்றார். அவள் சங்கரா மீனைச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"மேரி, நான் செரங்கெட்டிக்குப் போறேன்."

"செரங்கு கெட்டியா? எங்க, காலுலயா? வேப்பெண்ண தடவு."

"ஊரு பேருமே. ஆப்பிரிக்கால கீது. சிங்கம் பாக்கப் போறேன்."

"சரி, போ."

தயாராக வைத்திருந்த பதில்களெல்லாம் வாயிலேயே செத்தன.

"இன்னாமே, போன்னுட்ட?"

"போவாதன்னா நின்னுடுவியா? அங்க இன்னாதான் கீது, சொல்லு, கேப்போம்."

கல்யாணமான நாளாக அவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை. தினமும் சாயங்காலம் பாடம் நடந்தது. சௌக்கத் அலி சொன்னது, வாசகசாலையில் படம் பார்த்துத் தெரிந்துகொண்டது எல்லாவற்றையும் கொட்டினார். மாசியில் மாடுகள் கன்று போடும் வெளி எது, ஆடியில் எந்த ஆற்றைத் தாண்டும், முதலை எங்கே காத்திருக்கும், சிறுத்தை எந்த மரத்தில் தூங்கும். கடுகு டப்பா மலை, உப்பு ஜாடி ஏரி, கொட்டிய மிளகாய்த்தூள் ரோடு என்று அடுப்பங்கரைத் தரையில் காட்டையே பரப்பினார். அடைக்கலமேரி கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். போகப்போகத் திருத்தவும் ஆரம்பித்தாள்.

"ஆடில தெக்கால இல்லய்யா, வடக்கால. நேத்து நீதான சொன்ன."

முட்டுக்கட்டை பாஸ்போர்ட்டில் விழுந்தது. அந்த ஊரில் தங்கவைத்துச் சோறு போட ஓர் ஆள் பொறுப்பேற்க வேண்டுமாம். சிலுவைமுத்துவுக்கு எண்ணூரிலேயே அப்படி ஓர் ஆள் கிடையாது.

அடைக்கலமேரிதான் வழி சொன்னாள். "நான் துணி தச்சுக் குடுக்கிற மடத்து சிஸ்டருங்களுக்கு அந்தப் பக்கம் அருஷான்ற ஊர்ல பள்ளிக்கூடம் கீதாம். கேட்டுப் பாக்கட்டா?"

"கேளுமே. உன் பேர்ல மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்துறேன்."

கேட்டாள். கேட்டுக்கொண்டே இருந்தாள். "பெரிய சிஸ்டர் யோசிச்சிகினு கீறாங்க" என்றாள். மஞ்சள் காய்ச்சல் ஊசியை முதலிலேயே போட்டுக்கொள்ளச் சொன்னாள். போட்டுக்கொண்டார். கை பூசணிக்காயாக வீங்கியது. பக்கத்தில் அவளும் ரவிக்கைக் கையைச் சுருட்டினாள்.

"உனக்கு எதுக்குமே?"

"நீ தனியா வலி தாங்குவியாய்யா? ஒரு தொணைக்கு."

சிலுவைமுத்துவின் கண் கலங்கிவிட்டது.

பிறகு ஒரு நாள் மடத்திலிருந்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள்.

"எடம் கெடச்சிச்சு. ஆனா ஒரு பேஜாரு. வயசான சிஸ்டர் ஒருத்தங்க அருஷா போறாங்க. கப்பல்ல கைப்புடிச்சி நடத்த ஆள் வோணுமாம். கொண்டுபோய் வுட்டா, காட்டச் சுத்திக் காட்டித் திருப்பி அனுப்புவாங்களாம்."

"நான் போறேம்மே. கை இன்னா கை, முதுவுலயே தூக்கினு போறேன்."

"பொம்பளைதான் வோணுமாம். கன்னியாஸ்திரி உன் முதுவுல ஏறுவாங்களாய்யா?"

மேரி ஏதோ தப்பாகக் கேட்டிருக்கிறாள் என்று நேராக மடத்துக்கு ஓடினார். பெரிய சிஸ்டர் சாந்தமாகச் சொன்னார்:

"தப்பு ஒண்ணும் இல்லீங்க. உங்க வீட்டம்மா உங்க பேரையே எடுக்கலியே. தனக்குத்தான் கேட்டாங்க. மாடுங்க எந்த மாசம் எங்க மேயும்னு, அருஷாவுல இருந்து வந்த சிஸ்டருக்கே சொல்லிக் குடுத்தாங்க. ஊசி கூடப் போட்டாச்சாம். இவ்வளவு தெரிஞ்ச துணை எங்களுக்கு எங்க கிடைக்கும்?"

ஊசி போட்ட கையைத் தடவிக்கொண்டே வீட்டுக்கு வந்தார். அடைக்கலமேரி மறைக்கவில்லை.

"பொறந்ததுலேர்ந்து இந்தத் தெருதான்யா. நீயாச்சும் கிரேன் மேல ஏறி நாலு கப்பலப் பாக்கற. நான் உன் சட்டையத் தோய்க்கறப்ப கப்பல் வாசனதான் பாத்தேன். நீ சொல்லச் சொல்ல எனக்கும் தூக்கம் பூட்ச்சு."

கப்பல் பிடிக்க அவளைப் பம்பாய் ரயிலில் அவரே ஏற்றிவிட்டார். கிழ சிஸ்டரின் பெட்டியையும் அவர்தான் சுமந்தார்.

ஆனால் சென்ட்ரலிலிருந்து வீடு வந்து சேருவதற்குள் புதுத் திட்டம் பிறந்துவிட்டது. அருஷாவில் இனிமேல் நமக்கு ஆள் இருக்கிறது. அவள் திரும்புகிற வரை வீட்டைப் பழுதில்லாமல் நடத்திக் காட்டினால், அடுத்து உன் முறைதான் என்று அவளே சொல்லிவிடுவாள்.

விடிவதற்குள் குழாயடியில் குடத்தோடு நின்றார். பெண்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு இடம் விட்டார்கள். மகள் ரோசிக்குத் தலை பின்னிவிட்டார். கப்பலைக் கட்டுகிற முடிச்சு அது. அவிழ்க்கப் பள்ளிக்கூட டீச்சர்களெல்லாம் கூட வேண்டியிருந்தது. மீன் குழம்பு முதலில் போஸ்டர் ஒட்டுகிற பசையாக வந்தது. விடவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டு ஆவுடையம்மாள் கிண்ணத்தோடு வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, மேரி கொழம்பு இதுகிட்ட நிக்காது."

சில மாதம் கழித்து அடைக்கலமேரி வெயிலில் கறுத்து, கண் பளபளக்க வந்து இறங்கினாள்.

"சிங்கம் பாத்தியாமே?"

"பாத்தேன். கொட்டாவி வுட்டுச்சு."

"வரிக்குதிரை?"

"எண்ண முடியாதுய்யா. ஒண்ணுகூட நின்னு என்னப் பாக்கல. அதுங்களுக்கு அதுங்க வேல."

சொல்லிக்கொண்டே வீட்டைச் சுற்றி வந்தாள். தேய்த்து வைத்த பாத்திரங்களைப் பார்த்தாள். ரோசியின் பின்னலைத் தொட்டுப் பார்த்தாள். குழம்பை ஒரு சொட்டு நாக்கில் வைத்துக் கண்ணை மூடினாள். சிலுவைமுத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"எப்டிமே?"

"மாதா சத்தியமா எனக்கே இப்டி வராதுய்யா," என்றாள் அடைக்கலமேரி. "வர்ற வருசம் அந்த சிஸ்டரத் திரும்பக் கூட்டினு வரணுமாம். வூட்ட யார் கைல வுட்டுட்டுப் போறதுன்னு கப்பல் பூரா கவலப்பட்டுகினே வந்தேன்."