உத்தரத்தில் ஏறிய சம்பந்தியம்மாள் கோட்டு

காத்தோவீட்சே,
செவ்வாய்க்கிழமை

ஹில்டா அக்காவுக்கும் ஹோர்ஸ்ட் அத்தானுக்கும் தம்பி அலோய்ஸியின் பணிவான வணக்கம். ஜெர்மனியில் நீங்கள் இருவரும் முழங்கால் வலி இல்லாமல் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே நாங்கள் எல்லோரும் நலம். அதாவது, ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு வரைக்கும் நலமாகத்தான் இருந்தோம்.

நம் உர்சுலா விரும்பும் பையன் இக்னாட்ஸி கிராக்கோவ்காரன் என்று எழுதியிருந்தேன் அல்லவா? அவனைப் பெற்றவர்கள் கல்யாணத்துக்குச் சரி என்று இன்னும் வாயைத் திறக்கவில்லை. "உங்க ஊரை ஒரு தடவை சுத்திப் பார்த்துட்டு முடிவு சொல்றோம்" என்றார்கள். அரண்மனையைப் பார்த்தே வளர்ந்தவர்களுக்கு நம் புகைபோக்கி ஊரில் எதைக் காட்டுவது, நீயே சொல்லு. "அப்பா, நீங்க ஒண்ணும் பண்ணாம கூட வந்தாலே போதும்" என்று உர்சுலா கெஞ்சினாள்.

வந்து இறங்கினார்கள். அப்பா வித்தோல்ட் கல்லூரியில் பாடம் நடத்துகிறவர், சாதுவான மனிதர். அம்மா யாட்விகா சாது இல்லை. நரித்தோல் கழுத்து வைத்த நீளக் கோட்டு, முகத்தில் மருந்துக்கும் சிரிப்பு கிடையாது. என் வீட்டுக்காரி ட்ரூடா விடிந்ததிலிருந்து உருட்டி வைத்த உருளைக்கிழங்கு உருண்டையை மாட்டிறைச்சிச் சுருளோடும் சிவப்பு முட்டைக்கோசோடும் பரிமாறினாள். அந்தம்மாள் உருண்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல எதுக்கு நடுவுல குழி?" என்றாள். "குழம்பு நிக்கத்தான். எங்க ஊர்ல எதைக் கண்டாலும் குழி தோண்டிடுவோம்" என்றேன். மேஜைக்கு அடியில் உர்சுலா என் காலை மிதித்தாள்.

பிறகு, நான் வேலை பார்த்த சுரங்கத்தை மூடி, வெள்ளையடித்து, டிக்கெட் போட்டுக் காட்டுகிறார்களே, அங்கே கூட்டிப் போனேன். முதலில் உடை மாற்றும் கூடம். நம் அப்பா காலத்திலிருந்து உனக்குத் தெரிந்ததுதானே: உத்தரத்திலிருந்து ஆளுக்கொரு சங்கிலி, நுனியில் கொக்கி. வீட்டு உடுப்பை மாட்டி இழுத்தால் கரிப்புழுதி படாமல் உச்சிக்குப் போய்விடும். உள்ளே நல்ல கணப்பு. யாட்விகா அம்மாள் கோட்டைக் கழற்றி, எங்கே வைப்பது என்று சுற்றுமுற்றும் பார்த்தாள். அவ்வளவுதான் அக்கா! என் மூளையை யாரும் கேட்கவில்லை. கையே வாங்கிற்று, கையே மாட்டிற்று, கையே இழுத்தது. கோட்டு விறுவிறுவென்று உச்சிக்குப் போய்விட்டது. அதோடு விட்டேனா, பழக்க தோஷம், என் சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்துவிட்டேன். உர்சுலா "அப்பா!" என்று அலறியதால் மானம் தப்பியது.

இறக்கலாம் என்று இழுத்தால், மேலே சங்கிலி உருளையை விட்டுக் கழன்று சிக்கிக்கொண்டது. வழிகாட்டிப் பெண் ஓடி வந்தாள்.

"ஐயா, காட்சிப் பொருளைத் தொடாதீங்கன்னு பலகை வெச்சிருக்கோமே, பார்க்கலையா?"

"இதைத் தொட்டுத் தொட்டுத்தாம்மா நான் பென்ஷன் வாங்குறேன்."

"ஏணிக்காரர் நாளைக்குத்தான் வருவார்."

அதற்குள் உங்கள் ஊர்க்காரர்கள் ஒரு கூட்டம் உள்ளே வந்து, அண்ணாந்து நரித்தோலைப் படம் பிடித்து, "அந்தக் காலத்துல பொம்பளைங்களும் சுரங்கத்துல இறங்கினாங்களா?" என்று விசாரிக்க, வித்தோல்ட் மெதுவாக, "இந்தம்மா இறங்கலை. ஏறினாங்க" என்றார். அந்தம்மாள் அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன்.

வெளியே பனி கொட்டுகிறது. ட்ரூடாவின் கோட்டு அந்தம்மாளுக்குப் போதவில்லை. வேறு வழி? சுரங்கக்காரர் திருநாளுக்கு நான் போடும் கறுப்புச் சீருடைக் கோட்டை வீட்டிலிருந்து எடுத்துவந்து, பித்தளைப் பொத்தானோடு மாட்டிவிட்டோம். ரயில் நிலையத்தில் பழைய சுரங்க ஆட்கள் எழுந்து நின்று, "கடவுள் துணை!" என்று அவளுக்கு மரியாதை செய்தார்கள். அவள் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டாள், தோள் குலுங்கியது. ரயில் போய்விட்டது. அதற்கப்புறம் அங்கிருந்து ஒரு வார்த்தை இல்லை. உர்சுலா என்னோடு பேசுவதில்லை. பெற்ற பிள்ளையின் வாழ்க்கையை என் கையாலேயே கெடுத்துவிட்டேன் அக்கா.

ஆகவே கல்யாணத்துக்கென்று டிக்கெட் எடுக்காதே. எடுத்திருந்தால் ரத்து செய். நீதான் மூத்தவள், நாலு பேரிடம் பதமாகப் பேசத் தெரிந்தவள். அந்தம்மாளுக்குப் போன் போட்டு, தம்பி நல்லவன், கைதான் சொன்னபடி கேட்காது என்று எடுத்துச் சொல்லி மன்னிப்புக் கேள்.

அத்தானுக்கு என் அன்பு, பேரக்குழந்தைகளுக்கு முத்தங்கள். சுரங்கக்காரரைக் காக்கும் புனித பர்பாரா உங்களைக் காக்கட்டும். மீதி நேரம் இருந்தால் என்னையும் கவனிக்கட்டும்.

உன் பாவப்பட்ட தம்பி,
அலோய்ஸி

பின்குறிப்பு: போன் போடாதே! டிக்கெட்டை ரத்து செய்யாதே! உறையை ஒட்டும்போது அந்தம்மாளே கூப்பிட்டாள். நான் முந்திக்கொண்டு, "கோட்டை நேத்தே இறக்கிட்டாங்கம்மா, இன்னைக்கே பார்சல்ல அனுப்பிடறேன்" என்றேன். "ஐயையோ, திரும்ப மேலயே ஏத்திடுங்க!" என்று கத்தினாள். "அது என் மாமியார் எடுத்துக் குடுத்தது. பிடிக்கலைன்னு சொல்ல வாய் வராம, கல்யாணமான நாள்லேர்ந்து சுமக்கிறேன். கோயில்ல தேதி கேட்டு வைங்க. உர்சுலாகிட்டயும் சொல்லிடுங்க, என் மருமகளுக்கு நான் கோட்டு மட்டும் எடுத்துத் தரவே மாட்டேன்."