கியர் சத்தத்துக்கு ஏழு காரணங்கள்

வாசிக்கிற பழக்கம் உள்ளவன் கையில் ஸ்பானரைக் கொடுக்கக் கூடாது. சமையல் குறிப்பு படித்தவன் அதிகபட்சம் ஒரு குழம்பைக் கெடுப்பான். கார் ரிப்பேர் பற்றிப் படித்தவன் காரையும் கெடுத்து, ஏன் கெட்டது என்று வந்து போகிறவர்களுக்கெல்லாம் விளக்கமும் சொல்வான். நான் அந்த இரண்டாவது ஜாதியில் பிறந்தவன்.

பொன்னமராவதியில் வரலாற்று ஆசிரியராக இருக்கிறேன். பேரரசுகள் வீழ்ந்ததற்கான காரணங்களைப் பாயிண்ட் பாயிண்டாக எழுத வைத்தே இருபது வருடம் ஓட்டியவன். எந்தப் பேரரசானாலும் குறைந்தது ஏழு காரணம். (ஒரே காரணத்தால் வீழ்ந்த பேரரசுக்கு எங்கள் பாடத்திட்டத்தில் இடமில்லை.) அப்படிப்பட்டவன் நாற்பத்து நான்காவது வயதில் ஒரு பழைய காரை வாங்கினேன். அதற்குக் காரணம் ஏழு அல்ல, ஒன்றுதான். என் தங்கை செல்வி.

அவளை ஆலங்குடிப் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறோம். அவள் மகள் யாழினிக்கு மொட்டை போட்ட அன்று, தாய்மாமன் மடி தேவைப்பட்ட நேரத்தில், அந்த மடி புதுக்கோட்டையைத் தாண்டிப் பழுதாகி நின்ற ஒரு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தது. கத்தியைத் தீட்டி வைத்துவிட்டு முக்கால் மணி நேரம் காத்திருந்தார்களாம். செல்வியின் மாமியார் நாலு பேர் நடுவில் கேட்டிருக்கிறார்: "தாய்மாமன்னு ஒருத்தர் நெசமாவே இருக்காரா, இல்ல போட்டோவ மடியில வச்சு மொட்ட அடிக்கணுமா?"

செல்வி என்னிடம் இதைச் சொல்லவில்லை. மூன்று வருடம் கழித்துக் காதுகுத்துக்கு நாள் குறித்தபோதுதான் போனில் வந்தது.

"ஒம்பதுலேருந்து பத்தரைக்குள்ள குத்திரணும்ணே. எப்புடியாச்சும் வந்துரு. அத்தை இப்பவே, எதுக்கும் ஒண்ணுவிட்ட மாமன் ஒருத்தரச் சொல்லி வையிங்கிறாங்க."

ஸ்டெப்னி டயர் கேள்விப்பட்டிருக்கிறேன். ஸ்டெப்னி மாமன்? ரத்தம் கொதித்தது. "செல்வி, நான் சொந்தக் கார்ல வாரேன். உங்க ஊர்ல கோழி கூவுறதுக்கு முந்தி நிப்பேன்" என்றேன். (கோழி எத்தனை மணிக்குக் கூவும் என்று எனக்குத் தெரியாது.)

காரை வாங்கினேன். முதல் வாரம் ராஜ வாழ்க்கை. எங்கள் தெருச் செம்மண் உள்ளே படியக் கூடாதென்று ஏற்கெனவே இருந்த ரப்பர் விரிப்பின் மேல், நல்ல தடிமனான தேங்காய்நார் மிதியடி ஒன்றை நானே அளவெடுத்து வெட்டிப் போட்டேன். இரண்டாவது வாரம் சத்தம் தொடங்கியது. ஒன்றிலிருந்து இரண்டுக்குத் தள்ளினால் 'கர்ர்ரக்'. ரிவர்ஸ் போட்டால் அதைவிட நீளமான 'கர்ர்ர்ரக்'. மிக்ஸியில் தேங்காயோடு கரண்டியும் விழுந்த மாதிரி.

"என்னங்க, வண்டி பல்லக் கடிக்குது" என்றாள் என் மனைவி மீனா.

வண்டியை ரஹீம் பாயிடம் கொண்டுபோனேன். கோட்டைப்பட்டினத்துக்காரர். விசைப்படகு இன்ஜினில் கை பழகி, பெண் எடுத்த ஊரான பொன்னமராவதியில் பட்டறை போட்டவர். அவருக்கு ஒரு மரியாதை உண்டு. கஸ்டமர் வண்டியில் அழுக்குக் காலோடு ஏறவே மாட்டார். கீழே கிடக்கிற விரிப்பையெல்லாம் உருவி ஓரமாக வைத்துவிட்டு, நியூஸ் பேப்பர் விரித்துத்தான் கால் வைப்பார். அப்படியே ஏறி, ஒரு ரவுண்டு போய் வந்தார். ஒரு முனகல் இல்லை. ஐந்து கியரும் அவருக்குச் சொல்லிவைத்த மாதிரி விழுந்தன.

இறங்கி, பேப்பரை எடுத்துவிட்டு, விரிப்பைப் பழையபடி ஒழுங்காகப் போட்டு, "வண்டில ஒண்ணுமில்ல சார்" என்றார்.

"எனக்கு மட்டும் சத்தம் வருதே, பாய்?"

"அப்ப கால்ல இருக்கும்."

"கால்லயா?"

"கிளட்ச்ச நீங்க முழுசா மிதிக்கல சார். இன்ஜின ஆஃப் பண்ணிட்டு கியர் போட்டுப் பாருங்க, சத்தமில்லாம விழும். ஓடும்போது மட்டும் கடிச்சா கிளட்ச் பிரியலன்னு அர்த்தம். அம்புட்டுதான்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கடித்தது. நானும் பல்லைக் கடித்தேன். என் காலைக் குறை சொல்லிவிட்டாரே! அன்றே ஒரு நாற்பது பக்க நோட்டு எடுத்து, 'கியர் சத்தத்துக்கான காரணங்கள்' என்று தலைப்பிட்டு அடிக்கோடும் போட்டேன். பதினாறு வீடியோ பார்த்தேன். கியர் ஆயில் குறைவது, ஆயில் கெட்டுப்போவது, இரண்டு பற்சக்கரங்களையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவருகிற பித்தளை வளையம் தேய்வது, கியர் கம்பி தளர்வது, கிளட்ச் தட்டு தேய்வது, கிளட்ச் கேபிள் இழுபடுவது என்று ஆறு காரணம் சேர்ந்தது. ஏழாவதாக, பாய் மனம் கோணக் கூடாதே என்று, 'பெடல் முழுமையாக அமுங்காமை' என்று எழுதி, எதிரே அடைப்புக்குறிக்குள் 'அற்பம்' என்று குறித்து வைத்தேன்.

முதல் காரணத்திலிருந்து முறையாக ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை, செங்கல் முட்டுக் கொடுத்து, காருக்கு அடியில் ஊர்ந்து, கியர் பெட்டியின் அடிப்பக்கத் திருகைக் கழற்றினேன். பழைய ஆயில் முழுவதும் இறங்கியது. பாதி பேசினுக்குள், மீதி என் நெற்றியில். வெற்றிப் புன்னகையோடு புது ஆயில் ஊற்ற வேண்டிய மேல் திருகுக்குப் போனேன். அசையவில்லை. முந்தைய முதலாளி அதை என்றைக்குமே திறந்ததில்லை போலிருக்கிறது. ஊற்றுகிற திருகு திறக்கிறதா என்று பார்த்த பிறகுதான் இறக்குகிற திருகில் கை வைக்க வேண்டும் என்பது பதினேழாவது வீடியோவில் இருந்ததாம்.

மீனா குனிந்து பார்த்தாள். "இப்ப சத்தம் வருதா?"

"ஆயிலே இல்ல. வண்டிய ஸ்டார்ட் பண்ணவே கூடாது."

"அப்ப சத்தம் வராது. சரியாயிருச்சுன்னு சொல்லுங்க."

ரஹீம் பாய் வந்து, ஸ்பானரில் ஒரு நீள இரும்புக் குழாயைச் செருகி, மூன்று நொடியில் திருகைத் திறந்தார். ஆயில் ஊற்றிக்கொண்டே, "கால்ல பாருங்க சார்னு சொன்னேனே, பாத்தீங்களா?" என்று கேட்டார். நான் அடுத்த காரணத்துக்குப் போய்விட்டேன்.

காதுகுத்து நாள் வந்தபோது ஆறு காரணங்களில் நான்கை வென்றிருந்தேன். சத்தம் மட்டும் தோற்கவில்லை. காலையில் ஏழு மணிக்குக் கிளம்பினோம். பின் சீட் முழுக்கச் சீர்த்தட்டு. மீனா மடியில் கரைத்த சந்தனக் கிண்ணம். ஊருக்கு ஊர் கடித்து, நின்று, கெஞ்சி, புதுக்கோட்டையைத் தொடும்போதே மணி எட்டே முக்கால். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு டவுன் பஸ் குறுக்கே நிற்க, நானும் நின்றேன். பஸ் போய்விட்டது. எனக்கு முதல் கியர் விழவில்லை. கர்ர்ரக். பின்னால் ஹாரன் கச்சேரி. ஒரு ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து, "அண்ணே, உள்ள என்ன, கரும்பு பிழியிறீங்களா?" என்றார்.

இன்ஜினை அணைத்தேன். சத்தமே இல்லாமல் முதல் கியர் விழுந்தது. கியரில் வைத்தபடியே சாவியைத் திருகினேன். கார் தவளை மாதிரி ஒரு துள்ளு துள்ளிப் புறப்பட்டது. (கிளட்ச் பிரியவில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. சாட்சியின் மேலேயே ஏறி உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு போனேன்.) அடித்துப் பிடித்து இரண்டாவது கியருக்கு மாற்றியதும் ஒரு சபதம் எடுத்தேன். "மீனா, இனிமே கியர் மாத்த மாட்டேன். ஆலங்குடி வரைக்கும் இதே ரெண்டுதான்."

"எறங்கி நடந்தா முன்னாடியே போயிரலாங்க."

"பேசாம வா."

இரண்டாவது கியரில் இருபது கிலோமீட்டர் போனவர்களுக்குத்தான் இந்த மாவட்டத்தின் இயற்கை அழகு தெரியும். ஒவ்வொரு தென்னையையும் தனித்தனியாக விசாரித்துக்கொண்டு போனோம். கடலை மூட்டை ஏற்றிய டிராக்டர் எங்களை முந்தியது. மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்த அம்மா பரிதாபமாகப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார். போனில் செல்வி: "அண்ணே, எங்கிட்டு வாரீங்க?" குரலை அடக்கிக் கேட்டாள். பக்கத்தில் மாமியார் நிற்கிறார் என்று புரிந்தது. "வந்துட்டோம், வந்துட்டோம்" என்றேன். பாதி வழியில் இருக்கிற வடவாளத்தைக்கூடத் தாண்டவில்லை.

காதுகுத்து நடக்கிற கோயிலுக்கு நாலு கிலோமீட்டர் இருக்கும்போது ஒரு ஆட்டு மந்தை சாலையை மறித்தது. நின்றேன். வண்டியும் அணைந்தது. மணி பத்து. மறுபடி தவளைத் துள்ளல், துள்ளிய வேகத்தில் வண்டி மறுபடி அணைந்தது. இந்த முறை மீனா மடியிலிருந்த சந்தனக் கிண்ணம் பறந்து என் காலடியில் கவிழ்ந்தது.

"எறங்குங்க! பட்டு வேட்டில பட்டுரப் போவுது!" என்று என்னைக் கீழே தள்ளினாள். நாலு நாள் வெயிலில் நானே பார்த்துப் பார்த்து வெட்டிய மிதியடியைச் சந்தனத்தோடு சுருட்டி, டிக்கியில் எறிந்தாள். "ம், ஏறுங்க."

ஏறினேன். இன்ஜினை ஸ்டார்ட் செய்து, கிளட்ச்சை மிதித்தேன். முதல் கியர் விழுந்தது. ஒரு முனகல் இல்லை. இரண்டு, மூன்று, நான்கு. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாத்தியா மீனா! புது ஆயில் சக்கரத்தோட பல்லுல ஊறணும். அதுக்கு அம்பது கிலோமீட்டராவது ஓடணும். நோட்டுல முதல் காரணமே அதுதான்!"

பத்தேகாலுக்குக் கோயில் வாசலில் பிரேக் போட்டேன். உள்ளே ஸ்டெப்னி மாமன் பட்டு வேட்டியோடு சம்மணம் போட்டு உட்கார்ந்தே விட்டார். யாழினி அவர் மடியில். ஆசாரி கையில் தங்கக் கம்பி. செல்வி யாரையும் பார்க்காமல் கீழே பார்த்துக்கொண்டு நின்றாள். என் குரலைக் கேட்டு நிமிர்ந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. ஸ்டெப்னி மாமன் மரியாதையாக எழுந்துகொண்டார். யாழினி என் மடிக்கு வந்தாள், காது குத்தினார்கள், வலி தாங்காமல் என் மணிக்கட்டைக் கடித்தாள். அந்த நிமிடத்தில் என்னைக் கடிக்காதது காரின் கியர் மட்டும்தான்.

இதோடு வாயை மூடியிருக்கலாம். பந்தியில் செல்வியின் மாமியார், "ஏந் தம்பி, சொந்தக் காரு வச்சிருந்துமா இம்புட்டு நேரம்?" என்று கேட்டார். இலையில் சாம்பாரை நிறுத்திவிட்டு, முப்பது பேர் முன்னால் ஏழு காரணங்களையும் வரிசையாக விளக்க ஆரம்பித்தேன். பித்தளை வளையத்துக்கு ஒரு மெதுவடையைத் தூக்கிக் காட்டினேன். "மெக்கானிக்கே கைவிட்ட கேஸ், அத்தை. நானே படிச்சு, நானே சரிபண்ணேன்" என்று முடித்தேன். அப்போதுதான் வெளியிலிருந்து அந்தச் சத்தம் வந்தது.

கர்ர்ர்ரக்.

தங்கை மாப்பிள்ளை கண்ணன், தயிர் பற்றாதென்று வாங்கிவர என் காரை எடுத்திருக்கிறார். மச்சான் கார் ஆயிற்றே என்று, டிக்கியில் கிடந்த மிதியடியைக் கோயில் பம்ப்பில் அலசி, ஈரத்தோடு இருந்த இடத்திலேயே போட்டுமிருக்கிறார். மறுபடி ஒரு கர்ர்ரக். பிறகு அமைதி. பிறகு கார் சத்தமே இல்லாமல் பின்னால் வந்து, திரும்பி, போயே போய்விட்டது.

பத்து நிமிடத்தில் ஒரு கையில் தயிர்த் தூக்கும், இன்னொரு கையில் சொட்டச் சொட்ட மிதியடியுமாகப் பந்திக்குள் வந்தார் கண்ணன். அவர் நல்ல மனுஷன். அவமானப்படுத்தும் எண்ணம் துளியும் கிடையாது. அதனால்தான் சத்தமாகச் சொன்னார்.

"மச்சான், இது கிளட்ச்சுக்கு அடியில தடுக்குது. பாதிதான் அமுங்குது. எடுத்துட்டேன், இப்ப நல்லாருக்கு."

முப்பது பேரும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். மெதுவடை இன்னும் என் கையில்தான் இருந்தது. முதலில் சிரித்தது மாமியார். அப்படி ஒரு சிரிப்பு. புரையேறி, செல்வி ஓடிவந்து அவர் தலையில் தட்டினாள். தட்டிக்கொண்டே அவளும் சிரித்தாள். இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு. கல்யாணமாகி ஆறு வருடத்தில் அவர்கள் இருவரும் சேர்ந்து சிரித்ததை அன்றுதான் பார்த்ததாக மீனா பிற்பாடு சொன்னாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நான் நேரத்துக்கு வரவில்லை என்ற பேச்சே எழுந்ததில்லை. அதைவிடச் சுவையான பேச்சு கிடைத்துவிட்டதே. போன மாதம் பொங்கல் சீர் கொண்டுபோயிருந்தோம். நான் வாசலில் செருப்பைக் கழற்றியதும், மாமியார் குனிந்து, நிலைப்படியில் கிடந்த கால்மிதியை உருவிச் சுவரோரம் சாத்தினார்.

"வாங்க தம்பி. இப்ப தடங்கல் இல்லாம உள்ள விழுவீங்க" என்றார். உள்ளேயிருந்து செல்வியின் சிரிப்பு கேட்டது.