கரிகாலன் கவ்விய வேட்டி

தன்னம்பிக்கை அதிகம் உள்ளவர்களுக்கு ஒரு வசதி உண்டு. அவமானம் வாசல்வரை வந்து நின்றாலும், யாரோ விருந்தாளி என்று நினைத்துக்கொள்வார்கள். எனக்கு அந்த வசதி பிறவியிலேயே அமைந்தது.

நானும் என் கணவர் ரவியும் மந்தைவெளியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ரோபோ செய்யக் கற்றுக்கொடுக்கிறோம். எங்கள் பிள்ளைகள் சில போட்டிகளில் கோப்பை வாங்கியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆய்வுக்கூடமே இல்லாத பள்ளிகள் நிறைந்த நாடுகளுக்கும் இந்தப் போட்டியைக் கொண்டுபோகிறேன் என்று கிளம்பினேன். (எங்கள் தெருவுக்குக் குப்பை வண்டியை வரவழைக்க முடியாதவள் கண்டம் விட்டுக் கண்டம் போகிறேன் என்றால் வீட்டில் கணவரும் மகளும் சிரிக்கத்தானே செய்வார்கள்?) நாலா பக்கமும் மின்னஞ்சல் அனுப்பினேன். ஒரு பதில் வந்தேவிட்டது.

ஆப்பிரிக்காவின் மலாவியிலிருந்து இரண்டு ஆசிரியர்கள் சென்னைக்கே வந்தார்கள். ஒருவர் தலைமையாசிரியை கிரேஸ். இன்னொருவர் அறிவியல் ஆசிரியர் சிசோமோ. இவர்கள் பார்த்துவிட்டுப் போய்ச் சொல்வதைப் பொறுத்துத்தான் அவர்கள் ஊர்ப் பள்ளிகளில் போட்டி நடக்குமா என்பது முடிவாகும்.

எங்கள் வகுப்பறை சின்னது. அதனால் மயிலாப்பூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் சின்ன ஹாலை வாடகைக்குப் பிடித்தோம். பெரிய ஹாலில் அன்று கல்யாணம். நாதஸ்வரம் இலவசம் என்று மகிழ்ந்தேன்.

என் ரோபோவின் பெயர் கரிகாலன். கறுப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டே போவான். எதிரே சிவப்பாக எதைப் பார்த்தாலும் கவ்வி, வந்த வழியே திரும்பி வந்து கூடையில் போடுவான். நிறுத்தும் பொத்தான் மேலே இருந்தால் அழகு கெடுகிறதென்று மூடிக்குள் வைத்து, மூடியைத் திருகாணி போட்டு முடுக்கியிருந்தேன். (நிறுத்த வேண்டிய அவசியம் வந்தால்தானே?)

"இந்தத் தரையில ஒரு தடவை ஓட்டிப் பாத்துடலாமே," என்றார் ரவி.

"தாலி கட்டறதுக்கு முன்னாடி மாப்பிள்ளை ஒத்திகையா பாக்கறாரு?" என்றேன்.

தரையில் நான் கறுப்பு டேப் ஒட்டியிருந்தேன். மண்டபத்தைக் கட்டியவரோ சுவரோரமெல்லாம் கறுப்பு கிரானைட் பட்டை பதித்திருந்தார். இரண்டும் கதவருகே தொட்டுக்கொண்டதை நான் கவனிக்கவில்லை, கரிகாலன் கவனித்தான். "கோடு போட்டுக் கொடுத்தால் போதும், இவன் வழி தவறவே மாட்டான்" என்று நான் ஆங்கிலத்தில் அளந்துகொண்டிருக்கும்போதே, டேப்பைக் கைவிட்டு, கிரானைட்டில் ஏறி, கதவைத் தாண்டி, வராந்தா வழியே சாப்பாட்டுக் கூடத்துக்குள் போய்விட்டான்.

சாம்பார் வாளியோடு நின்றவர், "இன்னா நைனா இது, பெருச்சாளி மாரி ஓடிக்கினு கீது!" என்று பக்கத்து நாற்காலியில் ஏறினார்.

பந்தியின் ஓரத்தில் மாப்பிள்ளையின் அப்பா உட்கார்ந்திருந்தார். இலையில் அப்போதுதான் பாயசம் விழுந்திருந்தது. நாற்காலிக்குக் கீழே அவருடைய பட்டு வேட்டியின் சிவப்புக் கரை தொங்கியது. கரிகாலன் கவ்வினான். கடமை தவறாதவன், உடனே வந்த வழியே திரும்பினான்.

"ஐயய்யோ, வேஷ்டி! வேஷ்டி! பிடிச்சுண்டு போறதே, யாராவது நிறுத்துங்கோளேன்!"

ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி, பாயசக் கையை உயர்த்தியபடி, அவரும் கரிகாலன் பின்னாலேயே ஓடிவந்தார். அவர் பின்னால் அவர் மனைவி, "வேஷ்டி!" மனைவிக்குப் பின்னால் பந்தியே எழுந்து, "வேஷ்டி! வேஷ்டி!" நான் திருப்புளியைத் தேடிக் கைப்பையைத் தரையில் கொட்டினேன். சீப்பு இருந்தது, சாவி இருந்தது, தலைவலி மாத்திரைகூட இருந்தது. கடைசியில் சிசோமோதான் பாய்ந்து, "வேஷ்டி!" என்று தானும் கத்திக்கொண்டே கரிகாலனைக் கைக்குழந்தை மாதிரி தூக்கினார். சக்கரங்கள் காற்றில் சுற்றின. ரவி கரையை மெதுவாக விடுவித்தார்.

"மன்னிச்சுடுங்க மாமா," என்றேன்.

அவர் மூச்சு வாங்கினார். "கல்யாணம் என் பிள்ளைக்கு. வீடியோக்காரன் என்னைன்னா எடுத்துண்டிருக்கான்!" பிறகு மலாவிக்காரர்களைப் பார்த்தார். "வெளியூர்லேர்ந்து வந்தவாளா? சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லு. அதை மட்டும் வாசல்ல கட்டிப் போடு."

இலை முன்னால் உட்கார்ந்தேன். எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன். பக்கத்தில் கிரேஸ் அம்மா கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அழவில்லை, சிரித்துச் சிரித்து வந்த கண்ணீர்.

"எங்க பிள்ளைங்க செய்யறது பெரிய மனுஷங்க முன்னாடி சொதப்பிட்டா என்ன பண்றதுன்னு பயந்துக்கிட்டே இருந்தேன்," என்றார். "இதைவிட மோசமா என்ன ஆயிடப் போகுது? போட்டியை நடத்திடறோம்."

நடத்தினார்கள். மறு வருஷம் வீடியோவில் பார்த்தோம். எண்ணெய் டப்பாவும் பாட்டில் மூடியும் வைத்துப் பிள்ளைகள் அசத்தியிருந்தார்கள். எல்லா ரோபோவுக்கும் உச்சந்தலையில் உள்ளங்கை அகலத்துக்கு நிறுத்தும் பொத்தான். நடுவில் ஒன்று வழி தப்பி விருந்தினர் நாற்காலிகளை நோக்கிப் போனது. உடனே ஹாலே எழுந்து கத்தியது:

"வேஷ்டி! வேஷ்டி!"

ஒரு பெண் ஓடிப்போய்ப் பொத்தானில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். ரோபோ நின்றது.

தமிழில் 'நிறுத்து' என்பதற்கு அதுதான் வார்த்தை என்று சிசோமோ சொல்லிக்கொடுத்திருக்கிறார். திருத்தலாம் என்று வாயைத் திறந்தேன். ரவி பொத்திவிட்டார்.

அங்கே இன்னும் அப்படித்தான் கத்துகிறார்களாம். இங்கே எங்கள் வீட்டில், வந்தவர்களிடம் நான் என் பெருமையைக் கொஞ்சம் நீட்டி முழக்க ஆரம்பித்தால் போதும். ரவியும் மகளும் ஒரே குரலில் சொல்கிறார்கள்:

"வேஷ்டி!"