யுத்த நாடகத்துக் குசினியில் நான் ஊற்றிய கூழ்

எம்மன்புரூக்கே, சுவிஸ்

அன்பும் மரியாதையும் உள்ள மச்சாள் ஜெயகௌரிக்கு, சந்திரமதி எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். என் முழங்கால் மட்டும் இந்தக் குளிரோடு இன்னும் சமாதானமாகவில்லை. நீரும் உம்முடைய ஆடுகளும் சுகமாயிருக்க நல்லூரானை வேண்டுகிறேன்.

போனமுறை ரெலிபோனிலை, "உங்கட பேத்தி படிச்சுப்போட்டு நாடகக்காரருக்குச் சட்டி பானை தூக்கிறாளாம்" எண்டீர். அதுக்குப் பதில் எழுதத்தான் பேனை எடுத்தனான். நான் பின்னேரத்திலை ரீவியிலை பாக்கிற பழைய யுத்தப் பகிடி நாடகம் இருக்கெல்லோ, ஆமிக்காரர் சண்டையை விட்டுட்டு முகாம் குசினிக்காரனோடை சாப்பாட்டுக்கு அடிபடுறது, அதிலை இப்ப திரும்பப் புதுசாச் சில பகுதி எடுக்கினம். எங்கட தர்மிகாவுக்கு அங்கைதான் சாமான் பொறுப்பு. பிராக்டிகும் எண்டுவினம், வேலை பழகிற காலம், நல்லாச் செய்தால்தான் வேலை நிரந்தரம். எனக்கு இவையின்ரை டொச் பாஷை விளங்காது, ஆனால் ஐந்தாம் வகுப்போடை நிண்டது படிப்புத்தானே, கண் நிக்கேல்லை. அந்தப் பெரிய பானையிலை ஏன் ஆவி வாறேல்லை, மேசையிலை கிடக்கிற பாணை ஏன் ஒருத்தரும் பிய்க்கினமில்லை எண்டு நான் கேட்டுக் கேட்டு, "அம்மம்மா, நீங்களே வந்து பாருங்கோ" எண்டு கூட்டிக்கொண்டு போயிட்டாள்.

போனால், மச்சாள், எல்லாம் பொய்! பாண் சுண்ணாம்பிலை செய்து பெயின்ற் அடிச்சது. ரேடியோவுக்குள்ளை ஒண்டுமில்லை, ஆரோ ஒளிச்சு வைச்ச சொக்கலேற் மட்டும். மண்மூட்டையைத் தூக்கிப் பாப்பமெண்டு, நாங்கள் பங்கருக்கு அடுக்கின நினைப்பிலை மூச்சைப் பிடிச்சு இழுத்தன், உள்ளுக்குப் பஞ்சு, நான் மூட்டையோடை பின்னாலை போய்க் கேணலின்ரை மடியிலை இருந்திட்டன். கேணல் எண்டால் பெரிய ஆமிக்காரன் வேசம் போட்ட நடிகர்தான், வயசானவர், எழும்பி எனக்குக் கதிரை தந்தவர். பிறகு பானையை எட்டிப் பாத்தன். ஓட்ஸ், ஆறிக் கட்டியாகி, பசை மாதிரி.

"இதையோடி ஆக்களுக்குக் குடுக்கப்போறியள்?"

"அம்மம்மா, அது சாப்பிடுறதுக்கில்லை. வாயிலை வைச்சு முகம் சுழிக்கிறதுக்கு."

சுழிக்கிறதெண்டாலும் வாயிலை வைக்கிறதெல்லோ! வந்த சனத்துக்கு அதைக் குடுத்தால் எங்கட பேரென்ன? தர்மிகாவின்ரை மத்தியானச் சாப்பாட்டுக்கெண்டு, நீர் அனுப்பின பனங்கிழங்கு மாவிலை ஒடியல் கூழ் காய்ச்சிக் கொண்டுபோனனான். அவள் அங்காலை திரும்பினதும் தட்டுகளை வழிச்சுப்போட்டுக் கூழை ஊத்திவிட்டன்.

கமரா ஓடுது. கேணல் ஒரு கரண்டி வைச்சார், கண் பிதுங்கிச்சுது. பக்கத்திலை இருந்த ஆமிக்காரன் விக்கி விக்கித் தன்ரை தொப்பியைக் கடிச்சான். டைரக்டர் பாய்ஞ்சு வந்து தட்டைக் காட்டி ஆர் ஊத்தினதெண்டு கத்த, தர்மிகா முகத்திலை ரத்தமில்லாமல் "நான்தான்" எண்டாள். என்ரை பிள்ளை! "அவளில்லை, நான்" எண்டு தமிழிலை எழும்பினன். அந்த மனுசன் தட்டைப் பாத்தார், என்னைப் பாத்தார், மிச்சப் பேருக்கும் அதையே ஊத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். எல்லாரும் அழுதவை, மச்சாள், ருசியிலை அழுதவை! இதை மாதர் சங்கத்திலை சத்தமா வாசியும்.

உம்முடைய பிள்ளையளுக்கும், ஈனப்போற வெள்ளாட்டுக்கும் என் ஆசி.

இப்படிக்கு,
நெஞ்சு நிமிர்ந்த உம் மச்சாள்
சந்திரமதி

பி.கு.: தர்மிகா இப்பதான் வந்தவள். வேலை நிரந்தரமாம்! ஆனால் அழுதது ருசியிலை இல்லையாம். அந்த முகாமிலை இதுவரைக்கும் ஒருத்தரும் இவ்வளவு உண்மையா முகம் சுழிச்சதில்லையெண்டு டைரக்டருக்குச் சந்தோசப் புளுகமாம். அவசரத்திலை மாவை ஊறவைச்சுக் கசப்பெடுக்க மறந்திட்டன். சங்கத்திலை வாசிக்காதையும். மா முடிஞ்சுது, உடனை அனுப்பும். இனி எல்லாப் பகுதிக்கும் கூழ் என்ரைதான். ஊறவைக்க வேண்டாமெண்டு சொல்லியிருக்கினம்.