இடியும் உடும்பும் மூன்றாவது அறையும்

எங்கள் வீட்டு மூன்றாவது அறையைப் பிடித்தே தீருவது என்று தீர்மானித்தேன். பெரிய டிவி, சாய்வு நாற்காலி, நிம்மதி. அந்த அறை மனைவிக்கும் வேண்டுமாம். எதற்கென்று கேட்டால் "கெடைக்கட்டும், சொல்றேன்" என்கிறாள்.

சண்டை போட்டு வாங்கலாம். ஆனால் கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் அவளிடம் நான் ஜெயித்த சண்டை ஒன்றுகூட இல்லை. அதனால் அடுத்தவன் சண்டையை நம்பினேன்.

எம்.எம்.ஏ. என்று ஒரு விளையாட்டு. கம்பிக் கூண்டுக்குள் இரண்டு பேர். குத்தலாம், உதைக்கலாம், கட்டிப் புரளலாம், கழுத்தை இறுக்கலாம். அதில் லைட்வெயிட், அதாவது எழுபது கிலோக்காரர்கள், எனக்கு அத்துப்படி. நான் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவன். வருகிறவர்கள் எழுத்துப் பலகையைப் படித்து முடிப்பதற்குள் என் தரவரிசையை மனப்பாடம் செய்துவிடுவார்கள். எல்லாம் வீரர்களின் பட்டப்பெயர்கள்: முதலிடம், இடி. அடுத்து கத்தரி, அப்புறம் வாத்தியார். நாலாவதுதான் உடும்பு. ஐந்தாம் இடத்தை யாருக்கும் கொடுக்க இன்னும் மனசு வரவில்லை.

சனிக்கிழமை மாலை இடிக்கும் உடும்புக்கும் மோதல். முந்தின நாள் சாயங்காலம் மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். அங்கே அவள் வார்டு நர்ஸ். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"நாளைக்கு யாருங்க ஜெயிப்பாங்க?"

தானாக வந்து மாட்டுகிறாளே!

"இடிதான். பத்தொன்பது சண்டை, பதினேழு நாக்-அவுட். உடும்பு ரெண்டாவது ரவுண்டப் பாத்தாலே பெருசு."

"அவ்வளவு உறுதியா?"

"எழுதியே தரேன்."

"குடுங்க." காலண்டர் தாளைக் கிழித்து நீட்டினாள். இடி ஜெயித்தால் அறை எனக்கு, உடும்பு ஜெயித்தால் அவளுக்கு. கையெழுத்துப் போட்டேன். கேட்காமலே தேதியும் போட்டேன்.

"நீ ஏம்மா போயும் போயும் உடும்ப எடுத்த?"

"நல்ல ஆள நீங்க எடுத்துக்கிட்டீங்க. மிச்சம் இருந்தது அவன்தானே?"

எனக்கே பாவமாக இருந்தது. வாரத்தில் ஒரு மணி நேரம் அறையை அவளுக்கு விட்டுக்கொடுக்கலாமா என்றுகூட யோசித்தேன்.

மறுநாள் டிவியில், முதல் ரவுண்டில் இடி வெளுத்து வாங்கினான். நான் நாற்காலிமேல் ஏறி நின்றேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"கீழ எறங்குங்க. இன்னும் ரெண்டு நிமிஷத்துல மூச்சு வாங்கும்."

"உடும்புக்கா?"

"உங்க ஆளுக்கு."

வாங்கியது. இரண்டாவது ரவுண்டில் இடிக்குக் கால் தள்ளாடியது. உடும்பு அவன் முதுகில் ஏறிக் கழுத்தைச் சுற்றிக் கை போட்டான். பெயருக்கேற்ற பிடி. இடி மூன்று முறை தரையைத் தட்டினான். தோற்றேன், விடு என்று அர்த்தம்.

"எப்படிடீ தெரியும்?"

"நேத்து காலைல மேடையில வச்சு எடை பாத்தாங்களே, நீங்க பாக்கலையா?"

"அதுல என்ன இருக்கு? எல்லாரும் எழுபது கிலோதானே!"

"அந்த எழுபதுக்கு வரணும்னு உங்க ஆளு தண்ணியே குடிக்காம கெடந்திருக்கான். கண்ணு உள்ள போயிருக்கு, உதடு வெடிச்சிருக்கு, ரெண்டு பேர் தாங்கிப் பிடிக்கிறாங்க. எங்க வார்டுல இப்படி ஒருத்தர் வந்தா பாத்ரூமுக்குக்கூடத் தனியா விடமாட்டோம். இவங்க கூண்டுக்குள்ள விடறாங்க!"

"அப்ப, தெரிஞ்சுக்கிட்டேதான் பந்தயம் கட்டினியா?"

"தெரியாம யாராவது கட்டுவாங்களா?"

ஊருக்கெல்லாம் கண் பார்க்கிறவன் நான். அவளோடு துணி மடிக்க உட்கார்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமையே அறை கைமாறியது. நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு குத்துப்பை தொங்குகிறது. வார்டு நர்ஸ்கள் ஆறு பேர் தினமும் வேலை முடிந்து வந்து, அன்றைய எரிச்சலையெல்லாம் அதில் இறக்கிவிட்டுப் போகிறார்கள். குத்தும்போது பை ஆடாமல் பின்னாலிருந்து ஒருவர் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டுமாம். அந்த வேலைக்கு மட்டும் எனக்கு அறைக்குள் அனுமதி உண்டு.